இரண்டு பேருக்கு ஒரே தூண்டில்

பிள்ளையை முதன்முதலாக மீன் பிடிக்க அழைத்துப் போகிறீர்களா? ஒரே ஒரு தூண்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிள்ளையின் தூண்டில். உங்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டாம்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். என் மகனுக்கு ஆறு வயதானபோது முதல் தடவை போனோம். எனக்கு இரண்டு, அவனுக்கு ஒன்று என்று மூன்று தூண்டில்கள். அவனுடைய தூண்டில் நரம்பு செடியில் சிக்கிக்கொண்ட நேரத்தில், மீன் கொத்துவதைக் காட்டும் என் மிதவைத் தக்கை ஆடியது. "கொஞ்சம் இருடா" என்றேன். அவன் முள்ளிலிருந்து புழு விழுந்தபோதும் அதையேதான் சொன்னேன். பசிக்கிறது என்றபோதும் அதேதான். திரும்பி வரும் வழியில், "அடுத்த தடவை நீ மட்டும் போம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் வலித்தது. அடுத்த முறை என் தூண்டில்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். நாங்கள் சேர்ந்து மீன் பிடிக்கத் தொடங்கியது அன்றுதான்.

தண்ணீர்க்கரையில் பெற்றவருக்கு வேலை நிறையவே இருக்கிறது. சிக்கெடுப்பது, இரை கோப்பது, மீனைக் கழற்றுவது, கண் எடுக்காமல் பிள்ளையைப் பார்ப்பது. இதற்கே இரண்டு கை போதாது. கீழே உள்ள எல்லாமே இந்த ஒரே தூண்டிலைச் சுற்றித்தான்.

முதலில் தனியாகப் போய் இடம் பாருங்கள்

பிள்ளையோடு போய் இடம் தேடாதீர்கள். அதற்கு முன் ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்த்து வாருங்கள். தேங்கி நிற்கும் தண்ணீர் வேண்டும்: குளம், ஏரி, ஆழமில்லாத கண்மாய் போல. ஓடும் ஆறு பழகியவர்களுக்கு. அணைக்கட்டின் கீழ்ப்பகுதிக்குப் போகவே போகாதீர்கள். மேலே மதகைத் திறந்தால் வானம் வெளுத்திருக்கும்போதே நீர்மட்டம் ஏறிவிடும்.

கரை சமதளமாக, வழுக்காமல் இருக்க வேண்டும். கால் தவறினாலும் விளிம்பில் பிள்ளையின் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு குச்சியை விட்டு அளந்து பாருங்கள். நிழல் இருக்கிறதா, ஒதுங்க வசதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்பன் இழையில் செய்த தூண்டில் கழி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கம்பியைத் தொடக்கூட வேண்டாம், மிக அருகில் போனாலே பாயக்கூடும்.

அங்கே மீன் பிடிக்க அனுமதி உண்டா, எந்தப் பருவத்தில் தடை, எந்த அளவுக்குக் கீழுள்ள மீனைத் திருப்பி விட வேண்டும் என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். பிள்ளையின் முன்னால் யாரோ வந்து எழுப்பி அனுப்பும் நிலை வரக் கூடாது.

கடைசியாக, சின்ன மீன்கள் கூட்டமாகத் திரியும் இடமா என்று பாருங்கள். பெரிய மீன் உள்ள இடம் பெரியவர்களுக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு விரல் நீள மீன் ஐந்து கிடைத்தால் அது திருவிழா. முழ நீள மீனுக்காக நான்கு மணி நேரம் காத்திருப்பது தண்டனை.

கழி, நரம்பு, முள்

சுருள் (ரீல்) வைத்த தூண்டில் இப்போது வேண்டாம். எறிவதும் சுற்றுவதும் சிக்கெடுப்பதுமாகவே காலைப்பொழுது போய்விடும். மூங்கிலோ ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் கழியோ, நுனியில் நரம்பு கட்டியது போதும். ஐந்து முதல் ஏழு வயது வரை இரண்டு மீட்டர் நீளம், அதற்கு மேல் இரண்டரை முதல் மூன்று மீட்டர். நரம்பும் கழியின் நீளமே இருக்கட்டும். கழியை நிமிர்த்தினால் முள் தானாகப் பிள்ளையின் கைக்கு வந்து சேரும்.

நைலான் நரம்பு 0.16 முதல் 0.20 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் சின்ன மீனுக்குத் தாராளம். முள்ளின் எண்கள் முதலில் குழப்பும்: எண் கூடக் கூட முள் சிறிதாகும். 12 அல்லது 14 எண் வாங்குங்கள். சின்ன முள்ளில் பெரிய மீனும் மாட்டும், பெரிய முள்ளில் சின்ன மீன் மாட்டாது.

முள்ளின் முனைக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு குட்டிக் கூர் இருக்கும். வீட்டிலேயே குறட்டால் அதை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். சில மீன் தப்பும், தப்பட்டும். முள் குத்தியது மீனின் வாயானாலும் பிள்ளையின் விரலானாலும் வந்த வழியே வழுக்கி வெளியே வரும். பிள்ளையோடு போகும் எந்தத் தூண்டிலிலும் இதைச் செய்யாமல் நான் கிளம்புவதில்லை.

தக்கை மெலிதாக, நீளவாக்கில் இருப்பது நல்லது. குண்டுத் தக்கை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சின்ன மீன் இழுக்கும்போது அது மேலே இழுத்துப் பிடிக்கும். ஏதோ சரியில்லை என்று மீன் இரையைத் துப்பிவிடும். தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும் அளவுக்குக் கீழே எடை சேர்க்க வேண்டும். எடைக்கு ஈயக்குண்டு வாங்காதீர்கள். ஈயம் நஞ்சு, அதைப் பல்லால் கடித்து நரம்பில் அழுத்தும் பழக்கம் வேறு பலருக்கு உண்டு, பிள்ளை பார்த்தால் அதையே செய்யும். கரையில் சிதறிய ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால்தான் பிரிட்டனில் 1987-இல் சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது. டின், டங்ஸ்டன், எஃகு என்று மாற்று உலோகங்களில் இப்போது எடைகள் கிடைக்கின்றன.

முள் கட்டும் முடிச்சை முதல் நாள் இரவே பிள்ளையோடு உட்கார்ந்து பழகுங்கள். நரம்பில் வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் கயிறும் ஒரு சாவி வளையமும் எடுத்துக்கொள்ளுங்கள்:

1. கயிற்றின் நுனியை வளையத்துக்குள் விட்டு ஒரு சாண் வெளியே இழுங்கள்.
2. அந்த நுனியை நீளக் கயிற்றின் மேல் ஐந்தாறு முறை சுற்றுங்கள்.
3. வளையத்தை ஒட்டி ஒரு சின்னக் கண்ணி உண்டாகியிருக்கும். நுனியை அதற்குள் விடுங்கள்.
4. அப்போது இன்னொரு பெரிய கண்ணி உண்டாகும். அதற்குள்ளும் நுழைத்து, மெல்ல இறுக்குங்கள்.

உண்மையான நரம்பில் கட்டும்போது இறுக்குவதற்கு முன் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி, முடிச்சு இருக்கும் இடத்திலேயே வலுவிழந்துவிடும். இறுக்கியதும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். அவிழ்ந்தால் மறுபடி கட்டலாம். ஏழெட்டு வயதில் இந்த முடிச்சு கைவந்துவிடும். அதன்பிறகு யாருடைய காலணிக் கயிற்றையும் விடமாட்டார்கள்.

புழு தோண்டுவது பாதி இன்பம்

மண்புழுவைக் கடையில் வாங்கலாம், ஆனால் வாங்காதீர்கள். மீன்பிடி நாள் உண்மையில் தொடங்குவது முந்தைய மாலையில், ஈரமண்ணில். சருகு மூடிய நிழலில், மழை பெய்த மறுநாளில் எளிதாகக் கிடைக்கும். கைப்பிடி அளவு ஈரமண்ணும் சருகும் போட்டு, மூடியில் துளையிட்ட டப்பாவில் வைத்து, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் பிள்ளையுடையது. மிஞ்சிய புழுக்களைக் கரையில் கொட்டாமல், தோண்டிய இடத்திலேயே திருப்பி விடுங்கள். வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் மண்புழுவே இருந்ததில்லை. வெளியிலிருந்து வந்தவை அங்கே தரையில் கிடந்த சருகுப் படுகையைத் தின்று தீர்த்துக் காட்டின் அடித்தளத்தையே மாற்றின. அப்படி அவை பரவியதில் தூண்டில்காரர்கள் கொட்டிய மிச்சப் புழுக்களுக்கும் பங்கு உண்டு.

புழுவைத் தொடக் கூசும் பிள்ளைகள் உண்டு. கேலி வேண்டாம், வற்புறுத்தலும் வேண்டாம். கோதுமை மாவைச் சிறிது தண்ணீர் தெளித்து, விரலில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, பட்டாணி அளவில் உருட்டி முள்ளில் பொதியலாம். கெண்டை வகை மீன்கள் அதை விரும்பியே தின்னும்.

விடியலில் போங்கள்

மீனின் உடல்வெப்பம் தண்ணீரின் வெப்பத்தைப் பின்பற்றும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும்: 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதனால்தான் வெயில் காலத்து நடுப்பகலில் மீன்கள் ஆழத்துக்கோ நிழலுக்கோ ஒதுங்கிச் சோம்பிக் கிடக்கின்றன. விடியலிலும் அந்தியிலும் ஓரத்துக்கு இரை தேடி வருகின்றன. முதல் தடவைக்கு விடியலே சிறந்தது. இருட்டோடு எழுந்து, ஊர் தூங்கும்போது அம்மாவோடு அல்லது அப்பாவோடு வெளியே நடப்பது பிள்ளைக்கு ஒரு பெரிய விஷயம். குளிர்காலமானால் மாற்றிக்கொள்ளுங்கள், வெயில் ஏறித் தண்ணீர் சற்றுச் சூடான பிறகுதான் மீன் அசையும்.

எவ்வளவு நேரம்? என் அனுபவத்தில் ஐந்து வயதுக்கு ஒரு மணி நேரம். எட்டு வயதுக்கு இரண்டு. "இன்னும் கொஞ்ச நேரம்" என்று பிள்ளை கெஞ்சும்போதே கிளம்பிவிட வேண்டும்.

கரையில்

போனதும் தூண்டிலைப் பிரிக்காதீர்கள். பத்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். எங்கே வளையம் எழுகிறது, எங்கே குமிழி வருகிறது, கொக்கு எந்த ஓரத்தில் நிற்கிறது. கொக்கு நிற்கும் ஓரத்தில் சின்ன மீன் இருக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பாதுகாப்பான எல்லைக்குள் எது சொன்னாலும் சரி.

தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆழம். இரை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தக்கையை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் எடை தரையில் உட்கார்ந்துவிட்டது, ஆழத்தைக் குறையுங்கள்.

இனி காத்திருப்பு. தக்கை நடுங்கினால் மீன் கொத்திப் பார்க்கிறது, அப்போது தூக்கக் கூடாது. தக்கை ஒரு பக்கமாக நகரும், அல்லது சட்டென்று மூழ்கும். அப்போது மணிக்கட்டை மட்டும் மேலே உயர்த்த வேண்டும். பிள்ளைகள் உடம்பு முழுவதும் சேர்த்து வீசித் தூக்குவார்கள், மீன் தலைக்கு மேல் பறந்து பின்னால் மரத்தில் தொங்கும். பரவாயில்லை. நான்காவது ஐந்தாவது மீனில் கை தானாக அடங்கும். அவசரத்தில் நீங்கள் கழியைப் பிடுங்கிவிடாதீர்கள். தப்பிய மீன் அவர்களுடைய மீன். நீங்கள் பிடித்துக் கொடுத்தது உங்களுடையது, அது அவர்களுக்கும் தெரியும்.

"பேசாதே, மீன் ஓடிவிடும்" என்பார்கள். இது தவறான பாடம் மட்டுமல்ல, இந்தக் காலைப்பொழுதின் மிகச் சிறந்த பகுதியையே வாரிக்கொண்டு போய்விடும். காற்றில் வரும் குரலின் மிகப் பெரும் பகுதியை நீர்ப்பரப்பு மேலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. மீனை விரட்டுவது காலடி. கரையில் தொம்மென்று குதித்தால் அந்த அதிர்வு மண் வழியே தண்ணீருக்குப் போகும். மீனின் இரு பக்கவாட்டிலும் செவுளிலிருந்து வால் வரை ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதே, அது அலங்காரம் அல்ல. தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு. நிழலும் மீனைக் கலைக்கும், அதனால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். மெல்ல நடக்கச் சொல்லுங்கள், பேச விடுங்கள்.

பேசுவார்கள். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிடும் பிள்ளை, இங்கே கேட்காமலே தொடங்கும். முகத்துக்கு முகம் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, இருவர் கண்ணும் தக்கையின் மேல் இருப்பதால் என்று நினைக்கிறேன். என் மகன் ஒரு காலையில், தக்கையைப் பார்த்தபடியே, வகுப்பில் மூன்று மாதமாக யாரும் தன்னோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை என்று சொன்னான். மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. அப்போது நான் செய்த ஒரே நல்ல காரியம், அவன் பக்கம் சட்டென்று திரும்பாமல் இருந்ததுதான். "ம்" என்றேன். சற்றுப் பொறுத்து மீதியையும் சொன்னான்.

அதனால் கேள்விகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அறிவுரையையும். கைப்பேசி பையின் அடியில் இருக்கட்டும், அவசரத்துக்கு மட்டும். முதல் மீனைப் படமெடுக்கலாம். மற்றதையெல்லாம் கண்ணால் பாருங்கள்.

மீன் கைக்கு வந்ததும்

மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும். அதன் உடலில் உள்ள வழவழப்பு நோய்க்கிருமி ஏறாமல் காக்கும் கவசம். காய்ந்த கை அதை உரித்துவிடும். காய்ந்த மண்ணில் போடாதீர்கள், ஈரப் புல்லில் தாழ்வாகப் பிடியுங்கள். கெளுத்தி வந்தால் மட்டும் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம், முதுகுத் துடுப்பிலும் செவுளை ஒட்டிய இரு துடுப்புகளிலும் குத்தும் முள் உண்டு. மீன் தூண்டில் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள், வாயருகே நரம்பை வெட்டிவிடுங்கள். மீன் பிழைக்க அதுவே வழி.

விடுவதா, சமைப்பதா என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். விடுவதானால் எறியக் கூடாது. தண்ணீருக்குள் நிமிர்ந்த நிலையில் தாங்கிப் பிடித்து, தானாக நீந்திப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் தன் கைக்குள் ஓர் உயிர் வலுவெடுப்பதைப் பிள்ளை உணரும். சமைப்பதானால் மீனைத் துடிக்க விடாமல், தலையில் ஓங்கி ஒரே அடியில் முடித்துவிடுங்கள். அதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். பார்க்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அழுதால் அழட்டும். "வலிச்சிருக்குமா?" என்று கேட்டால், ஆமாம், அதனால்தான் சீக்கிரம் முடித்தேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். அதன்பிறகு வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அன்றைய மீன்களை எல்லாம் விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இல்லை

நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். வயதைப் பார்த்து வாங்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். போட்டபின் தோள்பகுதியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முகவாயைத் தாண்டி மேலேறினால் அது பெரிது. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. அமைதியாகவே நடந்துவிடும். எனவே சின்னப் பிள்ளை என்றும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் இரண்டு பெரியவர்கள்.

தொப்பியும் கண்ணாடியும் வெயிலுக்கு மட்டுமல்ல, பறக்கும் முள்ளுக்கும்தான். வீசும் முன் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துங்கள். முள் தோலில் குத்தினால் எடுத்து, கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி விவரத்தைச் சரிபாருங்கள். கண்ணில் பட்டால் தொடாமல், இழுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இடி கேட்டால் கழியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்பலாம்.

ஒன்றுமே கிடைக்காத நாள்

வரும். முதல் நாளே கூட வரலாம். ஒரு கண்ணாடிப் புட்டியும் சின்ன வடிகட்டியும் பையில் இருக்கட்டும். ஓரத்துக் கல்லைப் புரட்டினால் வேறோர் உலகம் கிடக்கும். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளர்கிறது, சில வகைகள் பல ஆண்டுகள்கூட. முகத்துக்குக் கீழே மடித்து வைத்த தாடையைச் சட்டென்று நீட்டி இரையைப் பிடிக்கும் அதை ஒரு முறை பார்த்த பிள்ளை மீனை மறந்துவிடும். பார்த்ததும் புரட்டிய கல்லை இருந்தபடி வையுங்கள், அடியில் குடியிருப்பவர்கள் உண்டு.

கல் எறிய ஆசைப்பட்டால் எறியட்டும். அன்று மீன் வராது, அவ்வளவுதானே. சேற்றில் வாய்க்கால் வெட்டினாலும் உடன் உட்கார்ந்து வெட்டுங்கள்.

கிளம்பும்போது அறுந்த நரம்பு ஒரு விரல் அளவு கிடந்தாலும் பொறுக்க வேண்டும். நைலான் எளிதில் மக்காது. பறவைகளின் காலில் சுற்றி இறுக்கி விரலையே அறுக்கும். நாங்கள் ஓர் அட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வருவோம், மற்றவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்து. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, கழியை நிழலில் காயவைத்து, அடுத்த நாளைச் சேர்ந்தே குறியுங்கள். குறித்த நாளை மாற்றாதீர்கள்.

உங்களுக்கான தூண்டில் எப்போது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனது. ஒரு விடியலில் அவன் தக்கையை விட்டுக் கண்ணை எடுத்து, "நீ ஏம்மா போடல? உனக்குப் பிடிக்காதா?" என்றான். பிடிக்கும் என்றேன். அடுத்த தடவை போவதற்கு முந்தைய இரவு, புதுக் கழி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அவனே நரம்பை நனைத்து முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தான்.